குரல் போனவர் வீட்டுக்கு நான் ஒலிபெருக்கி கொண்டுபோன கதை

இயக்குநர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி நீங்கள் எடுத்து யூடியூபில் போட்ட தொடரில், தகப்பன் வேடத்தில் நடித்த மூத்த நடிகரின் வாய்க்கு வேறொருவரின் குரலைப் போட்டீர்கள். அவரிடம் கேட்கவில்லை. போட்ட பிறகு சொல்லவும் இல்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், பாவம், அவருக்குக் குரல் போய்விட்டது என்றீர்கள். அவருக்குக் குரல் போகவில்லை. நான் மைக் வைத்துப் பார்த்தேன்.

அதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். ஏற்கெனவே போனில் கேட்டீர்கள். கண்டியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் நான். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் செட் போடுவேன். பெட்டி தூக்கி இடுப்பு போனது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று ஒரு காது பாதி போனது. மிச்சம் இருக்கும் ஒன்றரைக் காதை வைத்துக்கொண்டு, சத்தத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன். அந்தத் திமிர் குண்டசாலையில் ஒரு சின்ன வீட்டின் முன்னறையில் எப்படி உடைந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களை மட்டும் திட்டிவிட்டு நான் யோக்கியன் போல ஒதுங்கி நின்றால், அந்த நடிகரின் மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், இதைப் படித்துவிட்டு போன் எடுத்து என்னைக் கிழிப்பார்.

ஒரு நாள் காலை கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"தம்பி, மைக் குடுக்கிற எடம்தானே? ஒரு மைக்கும், ரெக்கோட் பண்ற சாமான் ஒண்டும் வேணும். குண்டசாலைக்குக் கொண்டுவர ஏலுமா?"

நல்ல தெளிவான குரல். யாரோ பாடசாலை வாத்தியார் என்று நினைத்து, விலாசம் கேட்டேன். விலாசத்தோடு தன் பெயரையும் சொன்னார். என் கையிலிருந்த வயர் கீழே விழுந்தது.

அவரை எனக்கு டீவியில் இளம் வயதிலிருந்தே தெரியும். சிங்கள நாடகங்களில் ஒரு முஸ்லிம் கடை முதலாளி வந்தால் அது அவர்தான். நிறையில் ஏமாற்றுவார், கடன் கேட்டு வந்த பெண்ணை வாசலில் நிற்க வைப்பார், கடைசியில் கடை எரியும், அல்லது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் அவர் முகம் திரையில் தெரிந்ததும் என் அம்மா, "வந்துட்டான் பாரு, தராசுல கை வைக்கிறவன்" என்று திட்டத் தொடங்குவார். நாடகம் முடிந்த பிறகும் திட்டு முடியாது. அவர் விழுந்து செத்த அன்று அம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. அடுத்த மாதம் வேறொரு நாடகத்தில் வேறொரு கடையில் அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டு அம்மா கொதித்துப்போனார்.

அப்படிப்பட்டவர் என்னைக் கூப்பிடுகிறார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. ஏதோ பெரிய விழா எடுக்கப்போகிறார், அதற்கு இந்தப் பகுதியில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். வேனில் பெரிய பெட்டிகள் இரண்டையும், ஆம்பிளிபயரையும், மிக்சரையும், ஸ்டாண்டுகளையும் ஏற்றினேன். என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு மைக்குதானே கேட்டாரு? எதுக்கு இந்தச் சாமானெல்லாம்?"

"பெரிய மனுசன் வீட்டுக்கு ஒத்த மைக்க கையில புடிச்சிக்கிட்டா போறது?"

"ஆளு பெரிசுன்னா வீடும் பெரிசா இருக்குமா? கேட்டீங்களா?"

கேட்கவில்லை. திருவிழாவுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதற்கு முன் இன்னொரு வேலையும் செய்திருந்தேன். பெரியவரைப் பார்க்கப் போகிறேனே, அவர் கடைசியாக நடித்தது எதையாவது பார்த்துவிட்டுப் போனால் பேச வசதியாக இருக்கும் என்று, உங்கள் தொடரை போனில் பார்த்தேன். இயக்குநர் அவர்களே, நான் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

எந்த இடத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். பஸ் நிற்கிறது. தகப்பன் கமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். "இந்தத் தேயிலைக்கு எங்க ரத்தத்தக் குடுத்தோம், இப்ப ஒன்னையும் குடுக்கிறேனே தாயி" என்று ஒரு குரல் நடுங்குகிறது, கரகரக்கிறது, நடுவில் நெஞ்சைப் பிளக்கும் இருமல் ஒன்று. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடிகன் என்றால் இவர்தான் என்று என் கடைப் பையனிடம்கூடச் சொன்னேன்.

வேன் ஓட்டிக்கொண்டே, அவரைக் கண்டதும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். கல்யாண வீடுகளில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்து பழகியவன் இல்லையா? 'கலையுலகின் சிகரம்' என்றெல்லாம் வந்தது. சந்திகளில் நின்றபோது பக்கத்துத் திரிவீலர்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்.

வீடு சந்து போன்ற குறுகலான ஒழுங்கைக்குள் இருந்தது. வேன் பாதிக்கு மேல் போகவில்லை. ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். முக்காடு போட்ட வயதான பெண் ஒருவர் கதவைத் திறந்தார். அவருடைய மனைவி. என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"பள்ளிவாசலுக்கா கொண்டு போறீங்க? பள்ளி அங்கால ஈக்கி. நேரா பெய்த்து வலது பக்கம்."

"இல்லங்க ராத்தா, இங்கதான். நானா வரச் சொன்னாங்க." முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் சொல்வார்கள்.

"இது உள்ளுக்கு வந்தா நாங்க வெளியிலதான் ஈக்கோணும்."

அப்போது சாரமும் பெனியனுமாக ஒருவர் பின்னால் வந்து, "வாங்க, வாங்க தம்பி" என்றார். நான் அவருடைய தலைக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தேன். நடிகர் எப்போது வருவார் என்று. டீவியில் அவரை எப்போதும் கடை மேசைக்குப் பின்னால், உயரமான கதிரையில்தான் பார்த்திருக்கிறேன். மனிதர் என் தோள் அளவுக்குத்தான் இருந்தார்.

"மனிசரைத் தேடுறீங்க போல" என்றார் அவர். "குனிஞ்சி பாருங்க, கிடைப்பாரு."

நான் பெட்டியை வாசலிலேயே இறக்கினேன். இறக்கிய இடம் அவர்களுடைய செருப்பின் மேல்.

ராத்தா பிளேன்டீயும் கட்லட்டும் கொண்டுவந்து வைத்தார். நான் ஒத்திகை பார்த்த பேச்சைத் தொடங்கினேன். சிகரம் வந்தது. இமயம் வந்தது. அவர் கட்லட் தட்டை என் பக்கம் தள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் நான் அந்தப் பெரிய விசயத்துக்கு வந்தேன்.

"நானா, புது நாடகம் பாத்தேன். உங்க குரல் இருக்கே, அப்பிடியே இருக்கு. அன்னைக்குக் கேட்ட அதே குரல். இலங்கையில வேற யாருக்கும் வராது."

ராத்தா உள்ளே போகத் திரும்பியவர் அப்படியே நின்றார். நடிகர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அப்பிடியா?" என்றார். "எந்த எடம் ஒங்களுக்குப் புடிச்சது?"

"மகள அனுப்புற எடம்தான். நான் அழுதுட்டேன் நானா."

"அழுதீங்களா? அந்த இருமல் எப்பிடி ஈந்திச்சி?"

"அந்த இருமலுக்கே ஒரு அவார்டு குடுக்கணும். பொய்யா இருமினா எனக்குத் தெரிஞ்சிரும். நான் சவுண்டுக்காரன். அது உண்மையான தோட்டத்து இருமல்."

"நீங்க தோட்டமா?"

"பொறந்து வளந்தது தோட்டத்துலதான்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்தானே. ஒருக்கா இருமிக் காட்டுங்களேன், நான் எப்பிடி இருமினேண்டு பாக்க."

நான் இருமினேன். கேட்டவர் இவ்வளவு பெரிய நடிகராயிற்றே என்று, நெஞ்சில் கை வைத்து, முன்னால் குனிந்து, முழு மனதோடு இருமினேன். கட்லட் துண்டு ஒன்று தொண்டையில் ஏறி, பொய் இருமல் மெய் இருமல் ஆனது. ராத்தா தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து நிமிர்ந்து பார்த்தால், நடிகர் சுவரில் சாய்ந்து சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வர.

"இனி போதும், மனிசர் செத்துப் போவாரு" என்றார் ராத்தா. "உள்ளதச் செல்லுங்க."

"தம்பி, அது என்ட குரல் இல்ல" என்றார் அவர். "இருமலும் என்ட இல்ல. யார்ர எண்டு எனக்கும் தெரியாது. நானும் ஒங்களப்போல போன்லதான் பாத்தேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தட்டைப் பார்த்தேன். அதில் கட்லட் எல்லாவற்றையும் நானே தின்று முடித்திருந்தேன். அன்று காலை போனில் பேசியவரின் குரல் வேறு, தொடரில் கேட்ட குரல் வேறு. இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிட்டு, கொஞ்சமும் சந்தேகம் வராமல், சவுண்டுக்காரன் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டேன் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லமாட்டேன். வயதான நடிகர் என்றால் குரல் நடுங்க வேண்டும், தோட்டத்துத் தகப்பன் என்றால் இரத்தம், தேயிலை என்று அழ வேண்டும் என்று என் மண்டையில் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் நீங்கள் போட்டீர்கள். அதனால்தான் எனக்கு இனித்தது.

என்னை எதற்குக் கூப்பிட்டார் என்பதை அதன் பிறகுதான் சொன்னார்.

உங்கள் தொடர் வெளியான பிறகு அவருக்குக் குரல் போய்விட்டது என்ற கதை பரவியிருக்கிறது. வானொலி நாடகம் ஒன்றுக்கு அவரைப் பேசி முடித்தவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கக் கேட்டவர் மறுபடி பேசவில்லை. ஒழுங்கையில் இருக்கும் சனம் தேனும் இஞ்சியும் கொண்டுவரத் தொடங்கியது. இதில் பெரிய கூத்து, அவரே போன் எடுத்தாலும் யாரும் நம்புவதில்லை.

"ஹலோ எண்டு சென்னா, 'நீங்க மகனா?' எண்டு கேக்கிறாங்க. இல்ல, நான்தான் எண்டு சென்னா, 'சரி மகன், வாப்பாவ வருத்தப்படுத்த வேணாம், சுகம் விசாரிச்சதாச் செல்லுங்க' எண்டு வச்சிர்றாங்க. எனக்கு மகனே இல்ல தம்பி. ரெண்டும் பொம்புளப் புள்ளைகள்."

"நான் செல்றேன், மகன் மாதிரியே பேசி சான்ஸக் கேளுங்கண்டு" என்றார் ராத்தா. "வயசும் கொறஞ்சாப்போல ஈக்கும்."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, என்னிடம் நேராகக் கேட்டார்.

"இத்தன பேர் சென்ன பொறகு எனக்கே சந்தேகம் வந்திட்டு தம்பி. ஒருத்தனுக்குத் தன்ட குரல் உள்ளால ஒருமாதிரிக் கேக்கும், வெளியால வேறமாதிரிக் கேக்கும். ஊட்டுக்காரிட்டக் கேட்டா, நல்லாத்தான் ஈக்கி எண்டுவா. அவ அப்பிடித்தான் செல்லுவா. அதுதான் ஒங்களக் கூப்பிட்டேன். மைக் வச்சி ரெக்கோட் பண்ணிப் பாருங்க. பெய்த்திட்டுதெண்டா பெய்த்திட்டுதெண்டு செல்லுங்க. நான் உட்டுர்றேன். கலகெதரையில தம்பிட கடையில பெய்த்து உக்காருவேன். கடை முதலாளியா நடிச்ச எனக்கு அதுவும் பழக்கம்தான்."

நடிப்பை விட்டுவிடுவதா வேண்டாமா என்பதை அந்த மனிதர் என் ஒன்றரைக் காதில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதுவும் நான் இருமிக் காட்டிய பிறகு.

மைக்கை ஸ்டாண்டில் வைத்தேன். பெட்டி உள்ளே வர இடம் இல்லாததால் வாசலிலேயே இருந்தது. சன்னல்களைச் சாத்தினேன். மைக் சரியா என்று பார்க்க, பழக்க தோசத்தில், "ஹலோ, மைக் டெஸ்டிங், வன், டூ, த்ரீ" என்றேன்.

"அதில நடிப்பே இல்லையே தம்பி" என்றார்.

உங்கள் தொடரின் அதே காட்சியைச் செய்யலாம் என்றார். மகள் பேசினால்தான் தகப்பன் பேச முடியும். மகளாக நான் பேச வேண்டும் என்றார். மீசையும் தொப்பையுமாக நான் எழுந்து நின்று, "அப்பா, நான் போயிட்டு வாரேன்" என்றேன்.

"ஒரு புள்ள நாட்ட உட்டுப் போறா. நீங்க கரண்ட் பில் கட்டப் போறவரு மாதிரி செல்றீங்க. திரும்ப."

திரும்பச் சொன்னேன்.

"இப்ப பில் கூடிட்டுது போல. கொஞ்சம் கவலையா ஈக்கி. ஆனா இன்னும் பில்தான்."

இப்படி எத்தனை தடவை நடந்தது என்று தெரியாது. நடுவில் பாண் ரொட்டி விற்கும் சூன் பாண் திரிவீலர் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. மகளை வழியனுப்பும் நேரத்தில் அந்தப் பாட்டு மைக்கில் நன்றாக விழுந்தது. ராத்தா நடுவில் எழுந்து போய்ப் பாண் வாங்கினார். திரும்பி வரும்போது, "இன்னும் அவ போகல்லியா?" என்று கேட்டார்.

கடைசியில் என்னைப் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சும்மா எதிரில் நிற்கச் சொன்னார். என்னைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பிறகு கொஞ்சம் அலுத்துக்கொண்டது போல, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல, "போன்ல சார்ஜ் இருக்கா புள்ள?" என்றார்.

அவ்வளவுதான். இருமல் இல்லை. நடுக்கம் இல்லை. எங்கள் தோட்டத்துப் பேச்சு, அப்படியே.

இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். படப்பிடிப்புக்கு முன்னால் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தாராம். வெளிநாடு போகும் பிள்ளைகளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்ற வந்த தோட்டத்துத் தகப்பன்மார்களைப் பார்த்தபடி. "ஒருத்தரும் அழல்ல தம்பி. பேக்க எங்க வச்சே, சில்லறை இருக்கா, போன்ல சார்ஜ் இருக்கா. இதத்தான் கேக்கிறாங்க. பஸ் போன பொறகும் அங்கேயே நிக்கிறாங்க." உங்கள் வசனத்தில் இருந்த இரத்தத்தையும் தேயிலையையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் சொல்லலாமா என்று அவர் உங்களிடம் கேட்டார். நீங்கள் சரி என்றீர்கள். எடுத்து முடித்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். அதை அவர் உங்கள் மேல் கோபத்தோடு சொல்லவில்லை, சந்தோசமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது.

என் அக்கா குவைத்துக்குப் போனபோது எங்கள் அப்பா இதே பஸ் நிலையத்தில் நின்றார். பாஸ்போட்டை மேலே வைக்காதே, அடியில் வை என்றார். அதைத்தான் சொன்னார். அப்பா அழவில்லை என்று அக்கா இன்றைக்கும் குறை சொல்வாள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்படிப்பட்ட நான், முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதனுக்குப் பின்னால் யாரோ வைத்த ஒப்பாரியைக் கேட்டு, இதுதான் எங்கள் வாழ்க்கை என்று கண்ணைத் துடைத்திருக்கிறேன். உங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியபோது, முதலில் யாரை அடிப்பது என்று குழம்பியது உண்மை.

பதிவைப் போட்டுக் காட்ட, வாசலில் இருந்த பெட்டிக்கு வயர் இழுத்தேன். ராத்தா அப்போது பின்பக்கம் அடுப்படியில் இருந்தார். நடிகர் காட்சிக்கு முன்னால் மைக் சரிபார்க்க, ராத்தாவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேட்டதும் அதில் பதிவாகியிருந்தது. அது ஓடியதும் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"வாறேன், வாறேன். இப்பதானே குடிச்சீங்க."

அவர் கதிரையில் வாயை மூடி உட்கார்ந்திருந்தார். பெட்டி பேசியது. ராத்தா கோப்பையோடு வந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நடிகர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"குரல் எங்கேயும் போகல நானா" என்றேன்.

கோப்பையை வாங்கிக் குடித்தார். பிறகு, பெட்டியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னார். ஒழுங்கைக்குக் கேட்க வேண்டுமாம். தேன் கொண்டுவந்தவர்கள் கேட்கட்டுமாம். நான் கூட்டினேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் மதிலேறின.

அதன் பிறகு நல்ல பேச்சு. சிங்கள நாடகங்களில் அவருடைய சிங்களத்தை உடைத்துப் பேசச் சொல்வார்களாம். கலகெதரையில் சிங்களப் பிள்ளைகளோடு ஒன்றாகப் படித்தவர். சுத்தமாகப் பேசினால், முதலாளி அப்படிப் பேசமாட்டார் என்று நிறுத்துவார்களாம். ஒரு தடவை, வசனம் சொல்லிக்கொடுத்த பையனின் சிங்களத்தில் இருந்த பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, கமரா முன்னால் போய் அதையே பிழையாகப் பேசினாராம். கண்டி மார்க்கெட்டில் மீன்காரர், "நாடகத்தில ஏழைங்களுக்குச் செஞ்சது காணாதா?" என்று கேட்டு, கூடுதலாக விலை சொன்னாராம். என் அம்மா திட்டியதைச் சொன்னேன். அம்மாவிடம் போன் போட்டுக் கொடு, மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். அம்மா இல்லை என்றேன். சரி, போகும்போது திட்டிக்கொண்டே போயிருப்பார் என்றார். நான் சிரித்தேன். அம்மாவை நினைத்து அப்படி நான் சிரித்து நாளாகியிருந்தது.

எத்தனை நாடகத்தில் இறந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ராத்தாதான் பதில் சொன்னார்.

"புருசன் மவுத்தானா நாங்க இத்தா இரிக்கோணும், வெளிய தெருவப் போகாம. இவரு மவுத்தான கணக்குக்கெல்லாம் நான் இத்தா இருந்திருந்தா, கலியாணம் முடிச்ச நாளையில இருந்து வாசலையே கண்டிருக்க மாட்டேன்."

நான் சாமான்களைக் கட்டும்போது உங்களுக்குப் போன் எடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. நான் சொல்லாததைச் சொன்னதாக நீங்கள் எங்கும் சொல்லக்கூடாது என்பதற்காகப் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

"அண்ணே, அவருக்கு வயசு போயிட்டு. குரல் இல்ல. மரியாதைக்காக நாங்க வெளிய சொல்லல" என்றீர்கள்.

"வெளிய சொல்லாமத்தான் ரேடியோக்காரங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"நீங்க யாரு?"

"சவுண்டுக்காரன். இப்பதான் அவர் குரல ரெக்கோட் பண்ணினேன். கல்லு மாதிரி இருக்கு."

"வெளிநாட்டு ஆட்களும் பாக்கிறாங்க அண்ணே. அவர் பேசினது தோட்டத்து ஆள் மாதிரி இல்லன்னு சொன்னாங்க. உணர்ச்சி காணாதுன்னாங்க" என்றீர்கள்.

அப்படியென்றால் காரணம் அதுதான். குரல் காரணம் இல்லை. பிறகு நான் கத்தினேன். கெட்ட வார்த்தையும் இரண்டு வந்தது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன், ராத்தா உள்ளே இருந்தார். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அது தெரியாமல் நான் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினேன்.

"பள்ளி வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார் அவர். "ஆனா வசனம் சரியில்ல. ஒரே விசயத்தத் திரும்பத் திரும்பச் சென்னீங்க."

பதிவை யூடியூபில் போடுகிறேன் என்றேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "வேணாம் தம்பி. இத்தன வருசம் நடிச்சவன் எனக்குக் குரல் ஈக்கி எண்டு காட்டி ஊர் ஊராக் கெஞ்ச ஏலா. போச்சி எண்டு சென்னவங்க, போகல்ல எண்டு செல்லட்டும். அது அவங்கட வேலை" என்றார். எனக்கும் அந்தப் பதிவை வெளியே விட ஆசை இல்லை. அதில் கரண்ட் பில் கட்டப் போகும் மகளாக நான் இருக்கிறேன். ஆனால் முதல் காரணம் அவர் சொன்னதுதான்.

போகும்போது ராத்தா மிச்சப் பாணைக் கட்டிக் கொடுத்தார். பெட்டியைத் தூக்கியபோது, அடியில் நடிகருடைய செருப்பு நசுங்கிக் கிடந்தது. அதையும் அவர் காலில் மாட்டிக்கொண்டு வேன் வரைக்கும் வந்தார்.

அதற்குப் பிறகு பல தடவை போயிருக்கிறேன், பெட்டி இல்லாமல். போனவாரம் போனபோது, உங்கள் ஆள் ஒருவர் பேசியதாகச் சொன்னார். தொடரின் அடுத்த பாகத்தில் அந்தத் தகப்பன் வருகிறானாம். வாசலில் உட்கார்ந்திருந்தால் போதுமாம், வசனம் இல்லையாம். "நோய்க்காரனா நடிக்கோணுமாம்" என்று சொல்லிச் சிரித்தார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வானொலியிலிருந்து இன்னும் யாரும் கூப்பிடவில்லை. போன் அடிக்கும்போது அவர் எழுந்து போகும் வேகம் எனக்குத் தெரியும். அது யாரோ சுகம் விசாரிக்க எடுத்ததாக இருக்கும்.

நீங்கள் சொன்னது காதோடு காதாகப் பரவியது. என்னிடம் போனில் காரணத்தை மாற்றிச் சொன்னதும் அப்படித்தான், எனக்கு மட்டும். அது காணாது. உங்கள் தொடர் கிடக்கிற அதே யூடியூப் பக்கத்தில், உங்கள் முகத்தைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்த மனிதருக்குக் குரல் போனதா, இல்லையா? போகவில்லை என்றால், போனதாக ஏன் சொன்னீர்கள்?